அரை கிலோ ஸ்வெட்டருக்கு ஆறு ரூபா கூலி

பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்கம்மா, எல்லா அம்மாவும் செய்யிற மாதிரியே, "பொண்ணு ஸ்வெட்டர் பின்னுவா, குரோஷா போடுவா, எல்லாம் கையாலயேங்க"ன்னு பெருமையா எடுத்து விட்டாங்க. வந்தவங்க திருப்பூர்க்காரங்க, பனியன் துணி நிட்டிங் யூனிட் வச்சிருக்கிற குடும்பம். இப்போ எனக்கு மாமாவா ஆயிட்ட அந்தப் பெரியவரு காபி டம்ளர கீழ வச்சிட்டு ரொம்ப அக்கறையா கேட்டாரு, "கையிலயா? கையில எதுக்குங்க?"

கிண்டல்லாம் இல்ல, நெசமாவே அவருக்குப் புரியல. எங்கம்மாவுக்கு பதில் சொல்லத் தெரியல. நான் உள்ள நின்னுக்கிட்டு சிரிப்ப அடக்குனது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வளந்தது குன்னூர். அப்பா வேலைக்காக மலையேறுனவரு, அங்கயே தங்கிட்டாரு. குன்னூர்ல ஸ்வெட்டர் பின்றது ஒரு பொழுதுபோக்குனுகூட யாரும் நினைக்க மாட்டாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி பின்னுவாங்க, பஸ்ஸுக்கு காத்திருக்கிற டீச்சர் பின்னுவாங்க, மழை மாசத்துல வெளிய போக முடியாதப்ப வேற என்னதான் பண்றது. எனக்கு சொல்லிக் குடுத்தது அந்தப் பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான். என் ஊசி எல்லாமே போனி ஊசி, அது எங்க ஊருக்கும் ஊட்டிக்கும் நடுவுல கேத்தி பக்கம் இருக்கிற ஃபேக்டரியில செய்யிறது. ஊசி மலையில பொறக்குது, நூல் கோயமுத்தூர் திருப்பூர்ல பொறக்குது, நானும் ஊசியோட சேந்து கீழ எறங்கி வந்தேன்னு வச்சுக்கோங்களேன்.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல கிடைச்ச நாள்ல மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுனேன். சாம்பல் கலர் வர்த்மான் ஊல், உடம்புக்கு 8ஆம் நம்பர் ஊசி, ஓரத்துல கோடு கோடா இழுபடுற ரிப்புக்கு 10ஆம் நம்பர். நம்ம ஊர்ல இன்னும் பழைய நம்பர்தான், நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க மில்லிமீட்டர்ல சொல்றத கேட்டு குழம்பிடாதீங்க, 8னா 4 மில்லிமீட்டர். கல்யாணம் முடிஞ்சு நான் அத எடுத்துக் குடுத்தப்ப வீடே கூடிருச்சு. அத்தை தடவிப் பாத்தாங்க, நங்கையா (அவரோட அக்கா) கழுத்துல வச்சுப் பாத்தாங்க, மாமா என்ன பண்ணாருன்னா சாம்பிள் எடை போடுற தராச எடுத்துட்டு வந்து அதுமேல வச்சாரு. அரை கிலோவுக்கு ஒரு பத்து கிராம் கூட.

"கிலோவுக்கு பன்னெண்டு ரூவா கூலின்னு வெச்சா... ஆறு ரூவா ஆகுது கண்ணு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நானும்தான். ஜாப் ஒர்க் யூனிட்ல அப்டித்தான் கணக்கு, நூல் அடுத்தவங்களுது, இவங்க ஓட்டிக் குடுக்கிற துணிக்கு கிலோ கணக்குல கூலி. அந்தக் கணக்குல நான் ராத்திரி ராத்திரி உக்காந்து பின்னுன ஸ்வெட்டர், பஸ் ஸ்டாண்டுல அரை டீ. அதுக்கு மேல இவரு (என் வீட்டுக்காரரு) வேற ஜிஎஸ்எம் கட்டர தூக்கிட்டு வந்தாரு. வட்டமா ஒரு டப்பா மாதிரி இருக்கும், துணிமேல வச்சு ஒரு திருகு திருகுனா 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி எடுத்துரும், அத எடை போட்டு நூறால பெருக்குனா ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்னு. "சும்மா ஒரே ஒரு வட்டம்"னு சொல்லிட்டு கிட்ட வந்தாரு. புதுப்பொண்ணு சத்தம் போடக்கூடாதுங்கிற சட்டம் அன்னிக்குத்தான் முதல்ல ஒடஞ்சுச்சு.

இந்த ஆறு ரூபா விஷயம் எனக்குள்ள ரொம்ப நாளு ஓடிட்டே இருந்துச்சு. கோவம் இல்ல. ஆனா ஊரே கண்ணிய (பின்னுற நூல் வளையத்த) எண்ணி காசு வாங்குற ஊர்ல, காசுக்கு இல்லாம ஒருத்தி கண்ணி பின்னிட்டு உக்காந்திருந்தா அதுக்கு என்ன பேருன்னு யோசிச்சேன்.

கல்யாணத்துக்காக ஸ்கூல் வேலைய பாதி வருஷத்துல விட்டுட்டு வந்தேன், இனி ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போதுதான் இங்க எங்கயாவது கேக்கணும். அதுவரைக்கும் வீடு. புதுசா கல்யாணமானவங்க வாழ்க்கைய பத்தி யாராச்சும் கேட்டா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது பீரோதான். சீர் பீரோ, அதுல நாலு தட்டு, பட்டுச்சேலைக்கு ரெண்டு, அவரு சட்டைக்கு ஒண்ணு, மீதி ஒண்ணுதான் என் சொந்த நாடு. அதுக்குள்ள ஊல் உருண்டை, ஆங்கர் நூல்கண்டு, குரோஷா ஊசி டப்பா, பாதியில நிக்கிற சால்வை, எப்பவோ வாங்கி எதுக்குனே தெரியாத பாசிமணி பாக்கெட்டு எல்லாம் திணிச்சு வச்சிருக்கேன். கதவ தொறந்தா ஒரு உருண்டை கண்டிப்பா கீழ விழும். அத்தை ஒருநாள் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குப்போசி கொண்டாந்து குடுத்தாங்க, "இதுல போட்டு மூடி வெய்யி கண்ணு, பல்லி முட்டை வெக்கும்." மாமியார் அன்புக்கு நான் பாத்த முதல் எழுத்துப்பூர்வமான ஆதாரம் அந்தப் போசிதான்.

காலையில வேலை சரியா இருக்கும். எனக்கு சமையல்ல ஓரளவு பழக்கம் உண்டு, ஆனா இங்க அரிசிம்பருப்பு சாதத்துக்கு ஒரு பக்குவம், கொள்ளு கடையிறதுக்கு ஒரு பக்குவம், சந்தகை பிழியறதுக்கு தோள்பட்டை பலம் வேணும். அத்தை பக்கத்துல நின்னு சொல்லித் தருவாங்க, திட்ட மாட்டாங்க, ஆனா "எங்க வூட்ல இப்படித்தான்"னு ஒரு வார்த்தை கடைசில வரும், அது வந்துச்சுன்னா நம்ம செஞ்சது தப்புன்னு அர்த்தம். பத்து மணிக்கெல்லாம் வீடு அடங்கிரும். இவரு காலையில எட்டரைக்குள்ள யூனிட் போனா திரும்ப வர ராத்திரி எட்டரைக்கு மேல. திருப்பூர்ல இதுக்கு ஒன்றரை ஷிப்ட்னு பேரு, ஊரே அப்டித்தான் ஓடுது, சொந்த யூனிட் வச்சிருந்தாலும் அதே கதைதான், இன்னும் சொன்னா சொந்த யூனிட்காரங்களுக்கு ஷிப்டே கிடையாது, நூல் லோடு நடுராத்திரி வந்தா எழுந்து போகணும். ஆக சாயங்காலம் முழுக்க என்னோடது.

அங்கதான் வில்லங்கம். ஆறு மணிக்கு விளக்கு வச்சுட்டு நான் ஹால்ல ஊசியோட உக்காந்தா அத்தை முகம் ஒரு மாதிரி ஆகும். விளக்கு வச்ச நேரத்துல ஊசி எடுக்கக்கூடாது, வெள்ளிக்கெழம சுத்தமா கூடாது. இது எங்க வீட்லயும் உண்டு, துணி தைக்கிற ஊசிக்கு சொல்லுவாங்க. இது முனை மழுங்குன ஊசிதான அத்தைன்னேன், ஒத்துக்கல. கடைசில ஒருநாள் மெதுவா சொன்னேன், "அத்தை, யூனிட்ல ராத்திரி முச்சூடும் ஒரு மிஷின்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் ஊசி ஓடுதுல்லங்க." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் "அது தொழிலு"ன்னாங்க. சரி, தொழில்னா தோஷம் இல்ல போல. ஆனா அன்னிலருந்து சொல்றத விட்டுட்டாங்க, வெள்ளிக்கிழமை மட்டும் நானும் எடுக்கிறதில்ல, எல்லா பஞ்சாயத்துலயும் நாமளே ஜெயிச்சா நல்லா இருக்காது பாருங்க.

இதவிட பெரிய காமெடி விருந்துக்குப் போறப்ப நடந்தது. கல்யாணமான புதுசுல சொந்தக்காரங்க வீடு வீடா விருந்து, காங்கேயம், தாராபுரம், பல்லடம், அவிநாசின்னு ஒரு சுத்து. கார்ல பின்சீட்ல உக்காந்துட்டு சும்மா போறதுக்கு கையில ஏதாச்சும் வச்சுப்பேன். போனுக்கு ஒரு சின்ன உறை, வெளிர் மஞ்சள் நூல்ல, அடி மூடி மேல தொறந்து. பாதி முடிஞ்சிருந்தது. ஒரு பெரியம்மா வீட்ல எறங்குறப்ப பைக்குள்ள இருந்து அது எட்டிப் பாத்துருச்சு. பெரியம்மா அத ரெண்டு விரல்ல தூக்கிப் பாத்தாங்க, என் மூஞ்சிய பாத்தாங்க, வயித்த பாத்தாங்க, கண்ணு கலங்கிப் போச்சு. "ஏங்கண்ணு... விசேஷமா?" நான் இல்லைன்னு தலையாட்டுறதுக்குள்ள உள்ள போய் சர்க்கரை எடுத்துட்டு வந்துட்டாங்க. அவங்களுக்கு அது குழந்தை காலுக்கு சாக்ஸ். ஒரு கால்தான் ஆயிருக்கு, இன்னொரு கால் பின்னப் போறா.

புதுசா கல்யாணமான பொண்ணு கையில ஊலும் ஊசியும் இருந்தா அதுக்கு ஊர்ல ஒரே ஒரு அர்த்தம்தான். சினிமா எல்லாம் அப்டித்தான பழக்கி வச்சிருக்கு, கதாநாயகி ஊசி நூல் எடுத்தா அடுத்த சீன்ல மாங்கா. அடுத்த வீட்டு விருந்துக்குப் போறதுக்குள்ள நியூஸ் எங்களுக்கு முன்னாடி போய்ச் சேந்துருச்சு. அதுக்கப்பறம் விருந்துக்குப் போனா கருப்பு நூல், இல்லாட்டி பச்சை கலர்ல பெருசா ஏதாவதுன்னு மாத்திட்டேன். கருப்புல யாரும் குழந்தை சாக்ஸ் பின்ன மாட்டாங்க.

சரி, எங்க ரெண்டு பேரையும் பத்தி சொல்றேன். பெரியவங்க பாத்து வச்ச கல்யாணம். பேசி முடிச்சதுல இருந்து போன்ல பேசுனது எல்லாம் சாப்டீங்களா, தூங்குனீங்களா, அங்க மழையா, இங்க வெயில். நல்ல மனுஷன்னு தெரியும், ஆனா என்ன பேசுறதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. கல்யாணத்துக்கு அப்பறமும் ராத்திரி ஒன்பதரைக்கு சாப்ட்டு முடிச்சு அவரு போன பாப்பாரு, நான் பின்னிட்டிருப்பேன். ஒருநாள் என் கையில இருந்து ஒரு கண்ணி நழுவி நாலஞ்சு வரிசை கீழ போயிருச்சு. நான் குரோஷா ஊசிய விட்டு ஒவ்வொரு படியா மேல ஏத்திட்டிருந்தேன். போன கீழ வச்சிட்டு எட்டிப் பாத்தாரு.

"இது டிராப் ஸ்டிச்."

"ஆமா."

"எங்களுக்கு இப்டி வந்தா துணிய தூக்கிப் போட வேண்டியதுதான். நீ ஏத்திட்டே!"

அந்த 'ஏத்திட்டே'ல ஒரு மரியாதை இருந்துச்சு, சும்மா சொல்லக்கூடாது. மறுநாள் யூனிட்ல இருந்து வரும்போது பாக்கெட்ல ஒரு பொருள் வச்சிருந்தாரு. தேஞ்சுபோன மிஷின் ஊசி. தீக்குச்சிய விட மெலிசு, தலையில ஒரு கொக்கி, கொக்கிக்குப் பக்கத்துல முடியளவுக்கு ஒரு நாக்கு, அது மேல போனா கொக்கி மூடும், கீழ வந்தா தொறக்கும். லேட்ச் நீடில். நூல் கொக்கிக்குள்ள வந்ததும் அந்த நாக்கு கதவு மாதிரி மூடி, பழைய கண்ணி வழியா நூல இழுத்து புதுக் கண்ணி ஆக்கிரும். 1849ல இங்கிலாந்துல லெஸ்டர் ஊர்க்காரர் மேத்யூ டவுன்சென்ட் காப்புரிமை வாங்குன சங்கதி, இன்னிக்கு வரைக்கும் பனியன் மிஷின் அதுலதான் ஓடுது. நான் என் குரோஷா ஊசிய பக்கத்துல வச்சுக் காட்டுனேன். கதவு ஒண்ணுதான் வித்தியாசம். அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பேசுனோம், அதுல முக்காவாசி ஊசியப் பத்தி, கால்வாசி வேற. இந்த மாதிரி ராத்திரிய பத்தி எந்த அத்தையும் முன்கூட்டி சொல்லித் தரல.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம யூனிட்டுக்கு கூட்டிட்டுப் போனாரு. நான் அதுவரைக்கும் சர்க்குலர் மிஷின் (வட்டமா சுத்திப் பின்ற மிஷின்) பக்கத்துல நின்னதில்ல. மேல வட்டமா கோன் கோனா நூல், நடுவுல ஊசி நிக்கிற உருளை, கீழ துணி குழாயா எறங்கி இன்னொரு உருளையில சுத்திக்கிட்டே இருக்கு. எங்க மிஷின் 30 இன்ச் டயா, 24 கேஜ். அதாவது ஊசி உருளையோட குறுக்களவு 30 இன்ச், இன்ச்சுக்கு 24 ஊசி, சுத்தளவ கணக்குப் போட்டா 2260 ஊசி கிட்ட வரும். நூல் ஊட்டுற ஃபீடர் 90, அதாவது ஒரு சுத்து சுத்துனா 90 வரிசை பின்னி முடிஞ்சுரும். நிமிஷத்துக்கு 25 சுத்து. போன்ல கால்குலேட்டர எடுத்து நான் தட்டிப் பாத்தேன், ஒரு நிமிஷத்துக்கு 50 லட்சம் கண்ணி.

நான் வேற எங்கயும் கவனம் இல்லாம பின்னுனா நிமிஷத்துக்கு 30 கண்ணி வரும். அந்த மிஷின் ஒரு நிமிஷத்துல பின்றத நான் தினம் எட்டு மணி நேரம் உக்காந்து பின்னுனா, ஞாயிறு லீவுகூட எடுக்காம, கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். ஆறு ரூபா எங்க இருந்து வந்துச்சுன்னு அங்க நின்னப்பதான் எனக்கு சரியா விளங்குச்சு. மாமா சொன்னது சிரிப்புக்கு இல்ல, அதுதான் விலை.

ஆனா ஒண்ணு, துணி அதேதான். நான் ஒரு வரிசை நிட் (நேர்க்கண்ணி), திருப்பி ஒரு வரிசை பர்ல் (எதிர்க்கண்ணி)னு போடுறப்ப வர்றதும் அங்க ஓடுற சிங்கிள் ஜெர்சிங்கிற பனியன் துணியும் ஒரே கட்டு, முன்னாடி பக்கம் சின்னச் சின்ன சடையா எறங்கும், பின்னாடி மேடு மேடா இருக்கும். ரெண்டுமே ஓரத்துல சுருண்டுக்கும். நான் சுருளாம இருக்க ஓரத்துல ரிப் போடுவேன், டீ சர்ட் கழுத்துல அவங்களும் ரிப்தான் வைக்கிறாங்க. இவரு இதெல்லாம் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. என்னோட ஒரு சாம்பிள் துண்ட வாங்கி, நூல இழுத்துப் பிரிச்சு, அளந்து பாத்துட்டு "ஒரு வரிசை டைட்டு, ஒரு வரிசை லூசு"ன்னாரு. நெசம்தான், கையால பின்றவங்க நெறய பேருக்கு பர்ல் வரிசை தளரும், அத கண்ணால கண்டுபிடிக்கிறது கஷ்டம், இந்த மனுஷன் ஸ்கேல் வச்சு கண்டுபிடிச்சிட்டாரு. எரிச்சலாவும் இருந்துச்சு, இத புரிஞ்சுக்கிற ஒருத்தரு வீட்லயே கெடச்சிருக்காருன்னும் இருந்துச்சு.

வில்லியம் லீ கதைய நான் சொன்னேன். 1589லயே காலுறை பின்ற மிஷின் செஞ்சுட்டு எலிசபெத் ராணிகிட்ட காப்புரிமை கேட்டாராம், கையால பின்னிப் பொழைக்கிற ஏழைங்க கதி என்னாகும்னு ராணி குடுக்கலன்னு சொல்லுவாங்க. மாமா கேட்டுட்டு இருந்தவரு சொன்னாரு, "அந்தம்மா குடுக்காட்டி போகுது, மிஷினு வந்துருச்சுல்ல."

நிக்க. திருப்பூர் வெயில்ல ஊல் வேலைக்காகாது. மடியில சால்வை வளர வளர நமக்கு வேர்க்கும். ஊட்டிக்குப் போனா சீசன்ல நாலு ஸ்வெட்டர் பாக்கலாம், அதுலயும் திபெத்தியர் கடைகள்ல தொங்குறது பெரும்பாலும் லூதியானா மிஷின் சரக்கு. இங்க நாடே பருத்தி. அதனால நானும் பருத்திக்கு மாறுனேன். வீட்ல பருத்தி நூலுக்குப் பஞ்சமா? லாட் முடிஞ்சா கோன் அடியில மிச்சம் நிக்கும், அத வாங்கிட்டு வந்தேன். முப்பதாம் நம்பர் நூல், கையில எடுத்தா எடுத்த மாதிரியே தெரியாது. பத்து இழைய ஒண்ணா சேத்தாதான் குரோஷா நூல் மொத்தத்துக்கு வருது. பத்து கோன வரிசையா கீழ வச்சு, பத்து நுனியயும் ஒண்ணாப் பிடிச்சு உருண்டை சுத்துறது ஒரு தனி வித்தை, ஃபேன் போட்டிங்கன்னா அன்னிக்கு சமையல் ஹோட்டல்லதான்.

அதவிட எனக்குப் பிடிச்சது பனியன் வேஸ்ட். கட்டிங்ல மிஞ்சுற துண்டு, ஓரம், செக்கிங்ல ஒதுக்குன துணி. மூட்டை மூட்டையா போகும், ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக் கை தொடைக்கிறாங்கல்ல, அந்த சரக்குதான். நல்ல துண்டா, குழாயாவே இருக்கிற சிங்கிள் ஜெர்சியா பாத்து எடுத்து, ஓரத்துல இருந்து ஒரு இன்ச் அகலத்துக்கு சாய்வா வெட்ட ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி வெட்டிட்டே போனா நடுவுல அறுபடாம நீளமா ஒரே நாடா கெடைக்கும். அத ரெண்டு கையால சர்ருனு இழுத்தா ஓரம் உள்ள சுருண்டு உருண்டையான கயிறாயிரும். ரிப்புலயும் இன்டர்லாக்ங்கிற இன்னொரு வகை பனியன் துணியிலயும் இப்டி சுருளாது, சிங்கிள் ஜெர்சிதான் வேணும், வெட்டுறதும் குறுக்கதான் வெட்டணும். பெரிய குரோஷா ஊசி, பத்து மில்லிமீட்டர் மாதிரி, அத வச்சு போட்டா ஒரு ராத்திரில ஒரு கூடை. வெங்காயக் கூடை, ரிமோட் போடுற கூடை, பாத்ரூம் கால்மிதி, தண்ணி கேன் அடியில வைக்க வட்டம். ஆன்லைன்ல இதையே டீ சர்ட் யார்ன்னு கண்ட விலைக்கு விக்கிறாங்க, இங்க எனக்கு அது மூட்டையில வருது. கலர் நம்ம இஷ்டம் இல்ல, என்ன ஆர்டர் ஓடுதோ அந்தக் கலர். கொஞ்ச நாள் வீடே நேவி ப்ளூவா இருந்துச்சு.

அப்பறம் அந்தக் கலரும் வர்றது நின்னுச்சு. எங்க கல்யாணம் நடந்த அதே ஆவணியில, 2025 ஆகஸ்ட் 27லருந்து அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டுச்சு. எங்க யூனிட் நேரா ஏற்றுமதி பண்றதில்ல, ஆனா ஜாப் ஒர்க் குடுக்கிறவங்க அமெரிக்கா ஆர்டரத்தான் நம்பி இருந்தாங்க. ஒரு மிஷின் நின்னுச்சு, அப்பறம் இன்னொண்ணு. திருப்பூர்ல சனிக்கெழம சாயந்தரம்னா சம்பள நாளு, ரோடு நெறஞ்சு கிடக்கும், அந்த வாரங்கள்ல கூட்டத்த பாத்தாலே நெலமை தெரிஞ்சுச்சு. "புதுமருமக வந்த நேரம்"னு ஒரு சொந்தம் இழுத்தாங்க, அத்தைதான் "டிரம்புக்கும் இவளுக்கும் என்ன?"ன்னு ஒரே போடா போட்டாங்க. எவர்சில்வர் போசிக்கு அப்பறம் ரெண்டாவது ஆதாரம்.

மாமா அசரல. 2011 ஜனவரியில கோர்ட்டு சொல்லி சாயப்பட்டறைய எல்லாம் மூடுனப்ப பாத்துட்டாரு, 2016ல நோட்டு செல்லாதுன்னப்ப பாத்துட்டாரு, கொரோனாவ பாத்துட்டாரு. சீக்கிரமா வீட்டுக்கு வந்து ஹால்ல உக்காந்து டிவிய பாப்பாரு, அப்பறம் என்னைய பாப்பாரு. ஒருநாள் சொன்னாரு, "நம்ம வூட்ல இன்னிக்கு ஓடறது உன்ற மிஷினு ஒண்ணுதான் கண்ணு." யாரும் சிரிக்கல. நான் எந்திரிச்சுப் போய் காபி போட்டேன். தீபாவளிக்குள்ள உள்ளூர் ஆர்டர் கொஞ்சம் வந்து பாதி மிஷின் ஓடுச்சு, போனஸ் குடுத்தாச்சு, எப்டி குடுத்தாங்கன்னு நான் கேக்கல, பீரோவுல என் நகைப்பொட்டி அப்டியே இருந்துச்சு, அத்தையோட ரெட்டை வட சங்கிலிய கொஞ்ச நாளு காணோம். தலை தீபாவளிக்கு குன்னூர் போனப்ப அந்த சாம்பல் ஸ்வெட்டர இவரு முதல் தடவையா முழுசா போட்டாரு, பர்லியார் தாண்டும்போதே போட்டுக்கிட்டாரு, குளிரே ஆரம்பிக்கல.

அந்த நேரத்துலதான் எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சாங்க, வித்துப் பாரேன். நங்கையா சொன்னாங்க, "இன்ஸ்டால பேஜ் போட்டு வுடு, கூடை பிச்சுக்கிட்டுப் போகும்." கீழ் வீட்டக்கா சொன்னாங்க. இவரும் சொன்னாரு, சொன்னதோட நிக்காம எக்செல்ல காஸ்டிங் ஷீட்டே போட்டாரு, நூல், வேஸ்டேஜ், கூலி, பேக்கிங். கூலிக்கு டெய்லரோட ஷிப்ட் சம்பளத்த வச்சுப் பாத்தா அந்த ஸ்வெட்டர் கூலி மட்டும் நாலாயிரத்த தாண்டுது, நூல் காசு தனி. "யாரு வாங்குவா?"ன்னு அவரே கேட்டுட்டு, "அப்ப கூடைதான் போடணும், கூடை வேகமா முடியுது"ன்னு அவரே முடிவும் பண்ணிட்டாரு.

எனக்கு அது பிடிக்கல. வீட்டுக்கு காசு வேணும்னா ட்யூஷன் எடுப்பேன், எடுக்கவும் ஆரம்பிச்சுட்டேன், சாயங்காலம் நாலு பிள்ளைங்க வருதுங்க. வேலை செய்யிறதுக்கு எனக்குத் தயக்கம் இல்ல. ஆனா இத காஸ்டிங் ஷீட்டுல ஏத்துனா நாளைக்கு நான் கூடை போடுறப்ப எத்தன நிமிஷம் ஆச்சுன்னு மணி பாப்பேன். ஒரு வரிசை சரியில்லன்னா பிரிச்சுப் போடுறதுக்கு யோசிப்பேன். கலர் எது போகும்னு பாப்பேன். நாள் முழுக்க பீஸ் ரேட்டுல ஓடுற ஊர்ல, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, அந்த பீஸ் ரேட்டுலதான் நான் சாப்புடுறேன், ஆனா இந்த ஒண்ணு மட்டும் மெதுவா போகட்டுமே. விக்கிறவங்கள குறை சொல்லல, எனக்குத் தெரிஞ்ச பொண்ணுங்க குரோஷா பொம்மை வித்து குடும்பம் நடத்துறாங்க, அது உழைப்பு. என்னோடது வேற. "நீ பின்னுனா காசு மிச்சமா?"ன்னு கேக்கிறவங்களுக்கு, இல்லங்க, செலவுதான்னு சொல்லிட்டுப் போயிட்டே இருக்கேன். இவரு ஷீட்ட இன்னும் டெலிட் பண்ணல, 'கூடை_பைனல்_2'ன்னு இருக்கு.

இந்த வீறாப்ப ஒரே ஆளுதான் ஒடச்சாங்க. இவரோட அப்பத்தா. தோட்டத்துல இருக்கிறாங்க, பொங்கலுக்குப் போனப்ப நான் பருத்தி நூல்ல பின்னிட்டிருந்தத வாங்கி கண்ணுகிட்ட வச்சுப் பாத்தாங்க. அவங்க சுருக்குப்பை நைஞ்சு நாராப் போயிருந்துச்சு, வெத்தலைக் கறை ஏறி, கயிறு அறுந்து ஊக்கு குத்தி. "எனக்கு இதுல ஒண்ணு போட்டுத் தாரியா சாமி"ன்னாங்க. அங்கயே உக்காந்து போட்டேன், சங்கிலி போட்டு வட்டமா ஆரம்பிச்சு, மேல கயிறு கோக்க ஓட்டை விட்டு, அரக்குச் சிவப்புல, கறை தெரியாம. ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்தா, அப்பத்தா பழைய பைக்குள்ள கைய விட்டு அம்பது ரூபா நோட்டு ஒண்ண எடுத்து என் கையில வச்சு மூடுனாங்க. நான் வேண்டாம்னேன். "கூலி வாங்காம செஞ்சா பை தங்காது"ன்னாங்க, இது எந்த ஊர் சாஸ்திரமோ. வாங்கிக்கிட்டேன். இவரு பின்னாடி நின்னு சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு, பையோட எடை அம்பது கிராம்கூட இருக்காது, கிலோவுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல கூலி வாங்குன ஒரே நிட்டர் திருப்பூர் ஜில்லாவுலயே நாந்தானாம்.

அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. அப்பத்தா அந்தப் பைய எடுத்துட்டு ஊருக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வந்துட்டாங்க. இப்போ பக்கத்து தோட்டத்து ஆத்தாங்க நாலு பேரு அம்பது அம்பது ரூபாய அப்பத்தாகிட்ட குடுத்து வச்சிருக்காங்க, ஒருத்தருக்கு பச்சை வேணும், ஒருத்தருக்கு கண்ணாடி வைக்கிற மாதிரி நீளமா வேணும், இன்னொருத்தரு உள்ள மூணு அறை கேக்கிறாங்க, வெத்தலை ஒண்ணு, பாக்கும் சுண்ணாம்பும் ஒண்ணு, காசுக்கு ஒண்ணு, அதுவும் காசு அறை வெளிய இருந்து தெரியக்கூடாதாம். மூணு அறை சுருக்குப்பைக்கு எந்த வீடியோவுலயும் பேட்டர்ன் இல்ல. தனித்தனியா மூணு பை போட்டு வாய்ப்பக்கத்துல ஒண்ணா சேத்துப் பின்னலாமா, இல்ல நடுவுல தடுப்பு எழுப்பிட்டே வரலாமான்னு நேத்து ராத்திரி இவருகிட்ட கேட்டேன். காஸ்டிங் ஷீட்ட மூடி வச்சிட்டு பேப்பர்ல படம் போட ஆரம்பிச்சிருக்காரு.